நல்ல முரட்டு மாடும் நடுவில் ஒரு கமாவும்

1

பன்னிரண்டு இடத்தில் கமா போட்டிருந்தேன். அதில் ஒன்பது தப்பு என்று வட்டம் போட்டுத் திரும்பி வந்தது.

வட்டம் போட்டவர் மார்கரெட். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் மூத்த ஆசிரியை. போட்டது பென்சிலால், அதுவும் அழித்தால் தெரியாத அளவுக்கு லேசாக. இந்த ஊரில் ஒருவர் மானத்தை வாங்குவதாக இருந்தாலும் பென்சிலால்தான் வாங்குவார்கள். நானோ பாப்பிரெட்டிப்பட்டியில் பதினோரு வருஷம் தாள் கிழிகிற மாதிரி சிவப்பு மையில் சுழித்தவள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த மென்மையைத்தான் தாங்க முடியவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முன்கதை சொல்ல வேண்டும். என் பெயர் கலாவதி. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். டவுன் பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் எழுந்து "உக்காருங்க மிஸ்" என்பார்கள். கணவர் சங்கருக்கு நியூசிலாந்தில் ஒரு பால் தொழிற்சாலையில் குளிர்சாதன மெக்கானிக் வேலை கிடைத்ததில் இங்கே வந்து சேர்ந்தோம். ஆறு வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் இருக்கும் ஊரின் பெயரை எழுதினால் உங்களுக்கு வாயில் வராது. எனக்கே இன்னும் வரவில்லை.

முதல் நாலு வருஷம் இங்கே பள்ளிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். பென்சில் சீவுவது, பெயிண்ட் கிண்ணம் கழுவுவது, காணாமல் போன செருப்பைத் தேடுவது. செருப்பு ஏன் காணாமல் போகிறது என்றால், இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் போடுவதே இல்லை. எட்டு வயசுப் பிள்ளைகள் மழையிலும் வெறுங்காலோடு வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போடவில்லை என்று நான் வெளியே நிறுத்திய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மன்னித்துவிடுங்கள்.

இரண்டு வருஷமாகத் தற்காலிக லைசென்ஸில் டீச்சராக இருக்கிறேன். கடைசியாக ஒரு நாள் மூத்த ஆசிரியை என் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் நான் முழு டீச்சர். போடாவிட்டால் மறுபடி பென்சில் சீவப் போக வேண்டியதுதான். அந்தக் கடைசி வகுப்புக்கு எனக்கு வந்த பாடம், இரண்டு பெயரடைகளுக்கு நடுவில் கமா போடுவது எப்படி. பெரிய, சிவப்பு, பழைய என்கிற மாதிரி சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் நடுவில் கமா உண்டா, இல்லையா. நான் சிரித்துக்கொண்டே ஒரு மாதிரித் தாளைத் தயார் செய்து மார்கரெட்டிடம் கொடுத்தேன். அதுதான் ஒன்பது வட்டத்தோடு வந்தது.

2

விதியைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் புரியும். இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டுப் பார். நடுவில் 'அண்ட்' போட்டுப் பார். காதுக்குச் சரியாகப் பட்டால் கமா போடு, படாவிட்டால் விட்டுவிடு.

'பிக் ரெட் பஸ்' என்று இருந்தது. மாற்றினேன். 'ரெட் பிக் பஸ்.' எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெரிய சிவப்பு பஸ்ஸும் சிவப்புப் பெரிய பஸ்ஸும் எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ்தான், ஒரே அளவுதான் லேட்டாக வரும். 'லிட்டில் ஓல்ட் லேடி', 'ஓல்ட் லிட்டில் லேடி'. இரண்டு கிழவிக்கும் நான் எழுந்து இடம் கொடுப்பேன். ஊரில் கலா மிஸ், இங்கே மிஸ் கலா. அதையே இடம் மாற்றிவிட்டார்கள், அதுவும் சரியாகத்தான் பட்டது. எல்லாமே சரியாகப் பட்டதால் எல்லாவற்றுக்கும் கமா போட்டேன். மூன்று மட்டும் எப்படியோ பொருந்திவிட்டது.

திருப்பிப் போட்டதைப் படிக்கும்போது காதில் இடறவில்லையா என்று மார்கரெட் கேட்டார். இடறுகிறது, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொன்னேன். பச்சைப் பொய்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதினோரு வருஷம் ஊரில் இதை நடத்தினேனே, எப்படி நடத்தினேன்? "மூச்சு விடற எடத்துல கமா போடு." இதுதான் என் வித்தை. எனக்கு என் டீச்சர் சொன்னது, நானும் அதையே சொன்னேன். சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் வருவாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே எழுதுவாள், அவள் நோட்டில் வார்த்தைக்கு ஒரு கமா இருக்கும். இன்னொருவன் குமார். ஒரு பக்கம் முழுக்க ஒரு கமா போட மாட்டான். உனக்கு மூச்சே வாங்காதாடா என்று கேட்டேன். "எங்கப்பா நாயனம் ஊதறவருங்க மிஸ்" என்றான். இரண்டு பேருக்கும் தப்புப் போட்டேன். இரண்டு பேரும் நான் சொன்னதைத்தான் செய்திருந்தார்கள்.

3

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு அரசாங்கத்திடம் அத்தாட்சி இருக்கிறது.

லைசென்ஸுக்கு எழுதிப் போட்டபோது, நான் இங்கிலீஷ் வழியில்தான் கல்லூரி படித்தேன் என்று ஒரு கடிதம் கேட்டார்கள். என் தம்பி மாதேஷ் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டுவதை விட்டுவிட்டு மூன்று தடவை தருமபுரிக்குப் போய் வந்தான். மூன்றாவது தடவை கடிதம் கிடைத்தது. 'திஸ் இஸ் டு சர்டிஃபை தட் ஷீ ஹேவ் ஸ்டடீட் இன் இங்கிலீஷ்' என்று ஆரம்பித்தது. 'ஹேஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹேவ்', அதன் மேலேயே நச்சென்று முத்திரை. மாற்றித் தரச் சொல்லிக் கேளுடா என்று போனில் கெஞ்சினேன். கேட்டானாம். "அர்த்தம் புரியுதுங்களா இல்லீங்களா?" என்று ஆபீஸில் திருப்பிக் கேட்டார்களாம். புரிகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். என் இங்கிலீஷுக்கான அத்தாட்சியை இங்கிலீஷ் பிழையோடு அனுப்பினேன்.

அதைப் படித்துப் பார்த்த இந்த ஊர் அதிகாரிகள், எதற்கும் ஒரு பரீட்சை எழுதிவிடுங்கள் என்று பதில் போட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றதும், தீர்த்தமலையில் படி ஏறி மூச்சு முட்டியதை இரண்டு நிமிஷம் பேசினேன். நல்ல மார்க். கம்ப்யூட்டருக்கு என் இங்கிலீஷ் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அது என்னிடம் பஸ்ஸைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

4

கடைசியில் என் மகள் இனியாவிடம்தான் போய் நின்றேன். அவளுக்குப் பத்து வயசு. நாலு வயசில் கூட்டி வந்தோம். அவள் தமிழ் முழுக்கச் சமையலறையில் நான் கொடுத்த உத்தரவுகள்தான்: எடு, வை, சாப்பிடு, போதும். பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்துப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததில், "அம்மா, குருவி வந்தாங்க, போயிட்டாங்க" என்பாள். ஊரில் இருக்கும் மாமனிடம் மட்டும் வா, போ என்று பேசுவாள்.

காலையில் காரில் பள்ளிக்கூடம் போகப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் அவளை விசாரிக்க ஆரம்பித்தேன்.

"ஸ்மால் வொயிட் டாக்?"

"ஓகே."

"வொயிட் ஸ்மால் டாக்?"

"நோ."

ஏன் என்று கேட்டால், கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது அம்மா என்பாள். என்ன மாதிரி என்று கேட்டால், ஒரு மாதிரி. ஒரு வாரம் இப்படிக் கேட்டு ஒரு நோட்டில் டிக்கும் தப்பும் போட்டு வைத்தேன். வைத்தியரிடம் போகாமல் அடுத்தவர் நாடியைப் பிடித்துப் பார்த்து என் காய்ச்சலைக் கண்டுபிடிக்கிற வேலை. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் இன்னொரு அம்மாவிடம் நான் எதையோ 'ப்ளூ நைஸ் பேக்' என்று சொல்லிவிட்டேன். இனியா என் கையைச் சுரண்டி, காதுக்குள் மெதுவாக, "நைஸ் ப்ளூ" என்றாள்.

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. அவளுக்கு ஏபிசிடி சொல்லிக் கொடுத்தவள் நான். அவளுக்குக் கேட்பது எனக்குக் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை. பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தேன், எந்த வரிசையில் வைத்தாலும் சரியாகத்தான் இருந்தது.

5

மார்கரெட் வந்து உட்காரப் போகும் வகுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மாதேஷ் போன் செய்தான். எனக்குச் சாயங்காலம், அங்கே காலை. பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

புது மாடு வாங்கியிருக்கிறான். மொரப்பூர்ப் பக்கத்துத் தரகர் ஒருவர் வாட்ஸப்பில் போட்டோவும் ஒரு வரியும் அனுப்பியிருக்கிறார். 'நல்ல முரட்டு மாடு, ரெண்டாம் ஈத்து.' இவனும் நேரில் போய்ப் பார்க்காமல் ஓட்டி வரச் சொல்லிவிட்டான். வந்த அன்றைக்கே பால் குண்டாவை உதைத்து, என் தம்பி மனைவியை வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடவிட்டு, முளைக்குச்சியையும் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டது.

"நானு என்னன்னு நெனச்சேங்க்கா? நல்ல மாடு, கொஞ்சம் மொரடு, பழகுனா சரியாப் பூடும்னு நெனச்சேன். அந்தாளுகிட்டப் போயிக் கேட்டா, 'நல்ல மொரட்டு மாடுன்னுதானுங்களே போட்டேன், நான் எங்க பொய் சொன்னேன்'ங்கறாரு."

அவர் சொன்னது நியாயம்தான். நல்ல வெயில், நல்ல காரம், நல்ல வலி என்கிற மாதிரி நல்ல முரடு. அசல் முரடு. சந்தேகமில்லாத முரடு. தம்பிதான் 'நல்ல'வுக்குப் பின்னால் தானாக ஒரு கமாவை வைத்துப் படித்து, நல்லதும் முரடுமான ஒரு மாட்டை வாங்கியிருக்கிறான்.

போனைக் காதில் வைத்தபடியே இடம் மாற்றிப் பார்த்தேன். முரட்டு நல்ல மாடு. சீ, என்ன கண்றாவி. நல்லதும் முரடுமான மாடு என்றால் தரகர் சொன்ன மாடே இல்லை, அது வேறு மாடு. சாதுவான மாட்டை எடுத்துக்கொண்டேன். நல்ல, சாதுவான மாடு. சாதுவான, நல்ல மாடு. இது இடறவில்லை.

இடறுவது என்றால் இதுதானா. ஆறு வருஷமாக எல்லோரும் சொல்லும் அந்த 'ஒரு மாதிரி' எனக்கு முதல் தடவையாகக் கேட்டது. என் காதில் கோளாறு ஒன்றுமில்லை, அது வேறு ஊரில் வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"டேய் மாது, அந்த மாடு இருக்கட்டும்டா, விக்காத" என்றேன்.

"விக்கறதா? மொதல்ல அதைப் புடிக்கணுங்க்கா" என்றான்.

இனியா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 'குட் ரஃப் கவ்' என்று அவளாக மொழிபெயர்த்துப் பார்த்து, இதில் என்ன சிரிப்பு என்றாள். 'நல்ல' என்றால் இங்கே 'குட்' இல்லை, ரொம்ப என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவள், "ஓ, ப்ரிட்டி வைல்ட் மாதிரி" என்றாள்.

'ப்ரிட்டி' என்றால் அழகான. 'வைல்ட்' என்றால் முரட்டுத்தனமான. நடுவில் கமா போட்டால் அழகான, முரட்டு மாடு. கமா போடாவிட்டால் 'ப்ரிட்டி'க்கு ரொம்பவே என்று அர்த்தம் மாறி, ரொம்பவே முரட்டு மாடு. மொரப்பூர்த் தரகரின் மாடு அப்படியே இங்கிலீஷில் வந்து நின்றது. அன்றைக்கு இனியாவுக்கு நெய் ஊற்றித் தோசை வார்த்தேன்.

6

மார்கரெட் கடைசி வரிசையில் ஒரு சின்ன நாற்காலியில் அட்டையும் தாளுமாக உட்கார்ந்தார். முன்னால் கம்பளத்தில் இருபத்துமூன்று பிள்ளைகள், நாற்பத்தாறு வெறுங்கால்கள்.

தம்பி மாடு வாங்கிய கதையைச் சொன்னேன். ஒன்றை மறந்துவிட்டேன். இந்த வகுப்பில் பாதிப் பேர் பால் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். மாடு என்றதும் கமாவை விட்டுவிட்டுக் கை தூக்க ஆரம்பித்தார்கள். என்ன ஜாதி மாடு? கன்று கூட இருக்கிறதா? பால் கறக்கும்போது பின்னங்காலைக் கட்டவில்லையா? ஒரு பையன், உங்கள் தம்பி மாட்டிடம் எந்தப் பக்கமாகப் போனார் என்று போலீஸ் மாதிரி விசாரித்தான். மார்கரெட் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து நிமிஷத்தை மாடு தின்றுவிட்டது.

எப்படியோ இழுத்துப் பிடித்துப் பலகையில் இரண்டு வரியையும் எழுதினேன். கமா உள்ள மாடு, கமா இல்லாத மாடு. அடுத்ததாக விதி. 'காதுக்குச் சரியாகப் பட்டால்' என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். பதினோரு வருஷமாகத் தெரியாததைத் தெரிந்த மாதிரியே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், இந்த ஒரு வகுப்பிலாவது வேண்டாம் என்று பட்டது. பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். என் காது வேறொரு பாஷையில் வளர்ந்த காது, 'ரெட் பிக் பஸ்' எனக்குத் தப்பாகவே தெரியாது, நீங்கள்தான் எனக்காகக் கேட்டுச் சொல்ல வேண்டும். நான் படிப்பேன். சரியாகப் பட்டால் எழுந்து நில்லுங்கள், இடறினால் உட்காருங்கள்.

டீச்சருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரியும் என்றால் பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. 'ரெட் பிக் பஸ்' என்றதும் வகுப்பே வயிற்று வலி வந்த மாதிரி முனகிக்கொண்டு உட்கார்ந்தது. குளிரும் ஈரமுமான காலை, 'கோல்ட், வெட் மார்னிங்', 'வெட், கோல்ட் மார்னிங்' இரண்டுக்கும் எழுந்து நின்றது. நின்றால் கமா, உட்கார்ந்தால் இல்லை. அப்புறம் உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்தேன்.

அவர்கள் எழுதும்போது மார்கரெட் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னார். கதை நன்றாக இருந்தது, ஆனால் 'ரொம்பவே' என்ற பொருளில் வரும்போது 'ப்ரிட்டி' பெயரடையே இல்லை, அது அடுத்த சொல்லின் அளவைச் சொல்லும் வேறு இனம். பெயரடைகளுக்கு நடுவில் கமா போடும் பாடத்துக்கு இந்த உதாரணம் கறாராகப் பார்த்தால் பொருந்தாது.

அவர் சொன்னது சரி. மாட்டை நம்பி நானும்தான் மோசம் போனேன். அவர் கையில் பென்சில் இருந்தது, தாளில் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. மறுபடி பெயிண்ட் கிண்ணம் கழுவுவதை நினைத்துப் பார்த்தேன். அதில் ஒரு கேவலமும் இல்லை, ஆனால் நான் டீச்சர். பாப்பிரெட்டிப்பட்டியிலும் டீச்சர், இங்கேயும் டீச்சர்.

பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று பார்ப்போம் என்று சொல்லி, எழுதி முடித்துக் கொண்டுவந்து வைத்ததில் மேலே கிடந்த ஒரு தாளை மார்கரெட் எடுத்தார். ரூபியின் தாள். பல் விழுந்த, எதற்கும் சிரிக்காத பெண். எழுதியிருந்தாள்: 'மிஸ் கலா இஸ் எ ப்ரிட்டி ஸ்ட்ரிக்ட் டீச்சர்.' ஸ்ட்ரிக்ட் என்றால் கண்டிப்பான. நடுவில் கமா இல்லை.

மார்கரெட் அவளைக் கூப்பிட்டு, இங்கே கமா போட மறந்துவிட்டாயா என்று கேட்டார்.

ரூபி தாளைப் பார்த்தாள். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மறக்கவில்லை. கமா போட்டால் மிஸ் கலா அழகாக இருக்கிறார் என்று ஆகிவிடும்" என்றாள். "நான் சொல்ல வந்தது அது இல்லை."

மார்கரெட் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பையில் கைவிட்டுப் பேனாவை எடுத்தார். கையெழுத்தைப் பேனாவால் போட்டார். 'ப்ரிட்டி' பெயரடை அல்ல என்ற குறிப்பை மட்டும் கீழே பென்சிலால் எழுதினார்.

7

ரூபியின் தாளைக் கேட்டு வாங்கி வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருந்தேன். மாதேஷுக்குப் போன் செய்து சொன்னேன். மாட்டைப் பிடித்துவிட்டானாம். தம்பி மனைவி அதட்டினால் மட்டும் நிற்கிறதாம், இவன் போனால் இன்னும் உதைதானாம். லைசென்ஸ் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டான். ஆனால் அதில் மாட்டின் பங்கு என்ன என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சங்கர் வேலை முடிந்து வந்தார். இவர் பேசுவதே குறைவு. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லும் ரகம். இனியாதான் ஒன்று விடாமல் அவருக்கு எல்லாக் கதையும் சொன்னாள், ரூபி சொன்னதை இரண்டு தடவை சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாளைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார்.

"மிஸ் கலா இஸ் எ ப்ரிட்டி..." என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினார். "...ஸ்ட்ரிக்ட் டீச்சர்."

"நடுவுல கமா இல்லீங்க" என்றேன்.

"தெரியுது" என்றார். "நான் வச்சித்தான் படிச்சேன்."